கண்ணாடித் தடுப்பு தீயைத் தாங்குமா?

செஞ்சிக் கோட்டைக் களஞ்சியங்களுக்குக் கனத்த சுவரே காவல். கீழே ஊருக்குள் ஜவுளிக்கடை, லாட்ஜ், திருமண மண்டபம் கட்டுகிறவர்கள் இப்போது கண்ணாடித் தடுப்பைக் கேட்கிறார்கள். ஆர்டர் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

● டஃபன்டு கண்ணாடி உடைந்தால் காயம் குறையும், அவ்வளவுதான். அது தீத்தடுப்புக் கண்ணாடி ஆகாது.

● தீத்தடுப்புக் கண்ணாடியில் 'இ' (E) என்ற குறியீடு தீப்பிழம்பைத் தடுப்பதைக் குறிக்கும். 'இஐ' (EI) வெப்பத்தையும் தடுக்கும். கூடவே இருக்கும் 30, 60, 120 என்பவை நிமிடக் கணக்கு. படிக்கட்டு, வெளியேறும் வழிகளுக்கு 'இஐ' வகையே நல்லது.

● கண்ணாடி, சட்டம், சீல், கீல் எல்லாம் சேர்த்துச் சோதித்த சான்றிதழைக் கேளுங்கள். சட்டம் அலுமினியம் என்றால் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒரு மணி நேரச் சோதனை உலையோ 900 டிகிரியைத் தாண்டும்.

● கண்ணாடி மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள். வந்தபின் வெட்டவோ துளையிடவோ விடாதீர்கள். அளவை முன்பே சரியாக எடுங்கள்.

● கதவில் டோர் குளோசர் கட்டாயம் வேண்டும். காற்றுக்காகக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள்.

● எத்தனை நிமிடத் தாங்குதிறன் தேவை என்பதைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ஐப் பார்த்து, தீயணைப்புத் துறையிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.