மன்றில் எழும் குரல்

நுழையும்முன்

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலக்கிறது, மழை பெய்தால் வீட்டு வாசலில் நீர் தேங்குகிறது. இவற்றைப் பேசாத வீடு இல்லை. இந்தக் குறைகளை வீட்டில் சொல்வதற்கும் ஊர் கூடிய அவையில் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவையில் சொல்லப்பட்ட குறை எழுத்தில் ஏறுகிறது. எழுத்தில் ஏறிய குறைக்கு விடை சொல்ல வேண்டிய கடமை ஆள்வோருக்கு வருகிறது. தமிழ் மரபிலும் இன்றைய உள்ளாட்சி அமைப்பிலும் மக்களின் குரல் மன்றம் ஏறிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முறையும் முறையீடும்

தமிழில் ‘முறை’ என்னும் சொல்லுக்கு ஒழுங்கு, நீதி என்னும் பொருள்கள் உண்டு. அச்சொல்லிலிருந்தே ‘முறையிடுதல்’, ‘முறையீடு’ என்னும் சொற்கள் பிறந்தன. தன் குறையை நீதியின்முன் வைப்பதே முறையீடு. புலம்பலுக்குக் கேட்பவர் தேவையில்லை. முறையீட்டிற்கோ கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும்; இன்னது வேண்டும் என்னும் தெளிவு வேண்டும்; சொல்வதற்குச் சான்றும் வேண்டும்.

மக்கள் கூடிப் பேசிய இடங்களுக்குப் பழந்தமிழர் மன்றம், பொதியில், அம்பலம், அவை எனப் பல பெயர்களை இட்டனர். மரத்தடியும் பொதுக்கட்டடமும் அரசவையும் இப்பெயர்களுக்குள் அடங்கின. கூடிப் பேசுவதற்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது, கூடிப் பேச வேண்டிய செய்திகள் உண்டு என்பதை ஒரு சமுதாயம் உணர்ந்திருந்ததற்கு அடையாளம்.

புலவரின் முறையீடு

புறநானூற்றின் 35ஆம் பாடல் ஒரு வரி விலக்கு விண்ணப்பம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டுகிறார். மன்னனின் நாட்டு வளத்தைப் போற்றித் தொடங்கும் அவர், உரிய இடத்தில் தம் கருத்தைச் சொல்கிறார். அரசனின் குடை வெயிலை மறைப்பதற்காக எடுக்கப்பட்டதன்று, துன்புற்ற குடிகளுக்கு நிழல் தருவதற்காக எடுக்கப்பட்டது என்கிறார். போரில் கிடைக்கும் வெற்றியும் உழவரின் ஏர் நிலத்தில் விளைத்த நெல்லின் பயனே என்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் மன்னனையே பழிக்கும் என்று நினைவூட்டி, அயலார் பேச்சைக் கேளாமல் உழவரைக் காக்குமாறு வேண்டுகிறார். புலவர் அவ்வேண்டுகோளில் வெற்றி பெற்றார் என்று அப்பாடலின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் அவைக்கு வருகிறாள். அவள் துயரத்தின் உச்சத்தில் நிற்கிறாள். ஆயினும் அவள் உரை சிதறவில்லை. தன் ஊரையும் கணவனின் குடியையும் பெயரையும் சொல்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என மன்னன் சொல்ல, சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். சான்று வெளிப்பட்டதும் மன்னன் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறான். படையோ செல்வமோ இல்லாத ஒரு பெண், அரசவையில் தெளிவான சொல்லாலும் மறுக்க முடியாத சான்றாலும் வழக்கை வென்றாள்.

இவ்விரு முறையீடுகளுக்கும் ஒரு குறை உண்டு. இரண்டும் கேட்கும் மன்னனின் நேர்மையைச் சார்ந்திருந்தன. மன்னன் செவிசாய்க்க மறுத்திருந்தால் புலவருக்கும் கண்ணகிக்கும் வேறு வழி இருந்திராது. ஆள்பவரின் மனத்தை நம்பாமல் விதியை நம்பும் நிலை உருவாக வேண்டியிருந்தது.

கல்லில் எழுதிய விதி

அத்தகைய விதிகள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் கல்லில் காணப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அனைவரும் காண, ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் பணியாற்றினர்.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆக முடியாது. பொதுப்பணத்தைக் கையாண்டவர் ஊருக்கு விடை சொல்லியே ஆக வேண்டும் என்னும் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்விதியில் இடம்பெற்றுவிட்டது.

அந்தச் சபையின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட, வேதக் கல்வி பெற்ற ஆடவரே அதில் இடம்பெற முடிந்தது. பெண்களுக்கும் நிலமற்ற உழைப்பாளர்க்கும் அங்கு இடமில்லை. ஏரியைத் தூர்வாரிய கைகளுக்கு ஏரி வாரியத்தில் குரல் இல்லை. அக்கல்வெட்டின் பெருமையைப் போற்றுவோர், அது விட்டுவிட்டவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நகரமன்றம் எடுத்த முடிவு

1688ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுவே. 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு உள்ளாட்சி குறித்துக் கொண்டுவந்த தீர்மானம், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட மன்றங்களுக்கு வழிவகுத்தது. 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நகரமன்றத்தின் ஒரு தீர்மானம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 1920ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். பசியால் ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராமல் இருப்பதை மன்றம் கருத்தில் கொண்டது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்க முடிவு செய்தது. ஒரு பள்ளியில் தொடங்கிய அம்முயற்சி, பின்னாளில் தமிழகம் முழுவதும் பரவிய பள்ளி உணவுத் திட்டங்களுக்கு முன்னோடியாயிற்று. பசித்த குழந்தைகள் மன்றத்திற்கு வந்து முறையிடவில்லை. அவர்களுக்காக உறுப்பினர்கள் பேசினர். பேச இயலாதோர்க்காகப் பேசுவதும் மன்றத்தின் கடமையே.

தெரியுமா?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்த அளவு வருகை தேவை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000-க்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்திருக்க வேண்டும்.

எவர் எங்கே பேசலாம்?

இந்திய அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. இவற்றால் ஊராட்சிகளும் நகராட்சிகளும் அரசியலமைப்பின் பாதுகாப்பைப் பெற்றன. மாநகராட்சியின் மாமன்றக் கூட்டத்தில் மேயர் தலைமை தாங்குகிறார்; வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பேசுகின்றனர். குடிமக்கள் தம் குறையைத் தம் உறுப்பினர் வழியாகவே அங்குக் கொண்டுசெல்ல இயலும்.

கிராம சபை இதனின்று வேறுபட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். அவர்கள் எவர் வழியாகவும் அன்றித் தாமே எழுந்து பேசலாம். ஊராட்சியின் வரவுசெலவைக் கேட்கலாம், பயனாளிகள் பட்டியலை ஆராயலாம், தீர்மானம் கொண்டுவரலாம். நகரத்தில் வாழ்வோர்க்கு இத்தகைய வாய்ப்பு நெடுங்காலம் இல்லாதிருந்தது. அக்குறையை நீக்க வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின.

குறை கூறும் திறன்

வாய்ப்பு இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் திறனும் வேண்டும். மழைநீர் தேங்கும் தெருவொன்றில் வாழ்பவர், “எங்கள் தெருவை யாரும் கவனிப்பதே இல்லை” என்று சபையில் சொல்வதாகக் கொள்வோம். அது உண்மையாக இருக்கலாம். ஆயினும் அச்சொல்லுக்குச் செய்யத்தக்க விடை எதுவுமில்லை. அவரே, “பள்ளியின் பின்புறமுள்ள வடிகால் மண்ணால் அடைபட்டுள்ளது. கடந்த மழையில் மூன்று நாள் நீர் நின்றது. பிள்ளைகள் முழங்கால் நீரில் நடந்தனர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும்” என்று சொன்னால், அதில் இடம் இருக்கிறது, சான்று இருக்கிறது, வேண்டுகோளும் காலமும் இருக்கின்றன. அலுவலர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். நாகனாரும் கண்ணகியும் கையாண்ட நெறியும் இதுவே.

மற்றவர் குறையைக் கேட்பதும் இத்திறனில் அடங்கும். கடைத்தெருவில் நடைபாதைக் கடைகளால் அவசர ஊர்தி செல்ல வழியில்லை என்று குடியிருப்போர் சொல்லலாம். அந்தக் கடையே எங்கள் அடுப்பை எரிய வைக்கிறது என்று வணிகர் சொல்லலாம். இருவர் சொல்வதும் உண்மையே. ஒருவரை ஒருவர் அதட்டி அமர்த்தினால் வெல்வது உரத்த குரல், நீதியன்று. இருவரும் பேசி முடித்தபின் கடைகளுக்கு மாற்றிடம் தருவதோ நேரம் வகுப்பதோ எண்ணத்தக்க வழியாக வெளிப்படும்.

பேச்சு முடிந்தபின் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. பேசியது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டுமாறு கேட்டு, அதன்பின் கையொப்பமிடுதல் நன்று. அடுத்த கூட்டத்தில், சென்ற தீர்மானம் என்னவாயிற்று என்று வினவ வேண்டும். எழுதப்படாத பேச்சு கூட்டம் கலைந்ததும் காற்றில் கலந்துவிடும்.

மலையைக் காத்த தீர்மானங்கள்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி குன்றுகளும் நீர்நிலைகளும் சூழ்ந்த ஊர். அங்குத் தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் உள்ளன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு அப்பகுதியை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான உரிமம் ஏலத்தில் விடப்பட்டது. அதனை எதிர்த்து அந்த வட்டாரத்து ஊர்களின் கிராம சபைகள் நவம்பர் மாதத்தில் தீர்மானங்கள் நிறைவேற்றின. மக்கள் போராட்டங்கள் நடத்தினர். டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கம் செய்தது.

இவ்வெற்றியைக் கிராம சபைத் தீர்மானங்கள் மட்டுமே தந்தன என்று கூற இயலாது. ஆயினும், ஊரின் விருப்பம் எது என்பதில் ஐயத்திற்கு இடமில்லாமல் செய்தவை அத்தீர்மானங்கள். எல்லாத் தீர்மானங்களும் இவ்வாறு நிறைவேறிவிடுவதில்லை. நிதியின்மையாலும் தாமதத்தாலும் பல தீர்மானங்கள் ஏட்டிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றை மீண்டும் மீண்டும் கேட்டு உயிர்ப்புடன் வைத்திருப்பது மக்களின் பொறுப்பாகும்.

எழாத குரல்கள்

இன்றைய சபையின் கதவு சட்டப்படி அனைவருக்கும் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு உரியது. ஆயினும் கூட்டம் நடைபெறும் நேரத்தில் வேலைக்குச் சென்றுவிடும் கூலித் தொழிலாளர், வாடகை வீட்டில் இருப்பதால் தயங்குவோர், முன்வரிசையில் அமர அஞ்சுவோர், பேசினால் பகை வருமோ எனக் கருதுவோர் ஆகியோரின் குரல் எழுவது அரிது. சாக்கடையின் நிலையைத் தூய்மைப் பணியாளரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. குழாயில் நீர் வரும் நேரத்தைக் குடத்துடன் காத்திருக்கும் பெண்ணைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. அவர்கள் பேசாத சபையில் எடுக்கப்படும் முடிவு, அறிய வேண்டியவற்றுள் பாதியை அறியாமல் எடுக்கப்பட்ட முடிவேயாகும்.

உத்திரமேரூர்க் கல் விட்டுவிட்ட பெயர்களை இன்றைய தீர்மானப் புத்தகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முன்வரிசையில் இருப்போர் சற்று நேரம் அமைதி காத்துப் பின்வரிசைக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து வாக்காளராகும் ஒவ்வொரு மாணவரும் ஒரு சபையின் உறுப்பினராகிறார். அங்கு அவர் சொல்லும் சொல் சான்றுடையதாகவும் பிறர் துயரையும் எண்ணியதாகவும் அமைந்தால், முறையீடு என்னும் பழஞ்சொல் தன் முழுப்பொருளையும் பெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நடைபெறும் கிராம சபை அல்லது பகுதி சபைக் கூட்டத்திற்குப் பெரியோருடன் சென்று, அங்குப் பேசப்பட்ட குறைகளையும் அளிக்கப்பட்ட விடைகளையும் தொகுத்து எழுதுக.

2. உங்கள் தெருவின் குறையொன்றை இடம், சான்று, வேண்டுகோள், காலம் ஆகிய நான்கும் அமைய இரண்டு நிமிட உரையாக வகுப்பறையில் வழங்குக.

3. வகுப்பறையில் மாதிரிச் சபை ஒன்றைக் கூட்டி, நடைபாதை வணிகர், குடியிருப்போர் ஆகிய இருதரப்பாகப் பிரிந்து கலந்துரையாடித் தீர்மானம் ஒன்றை எழுதுக.

4. வெள்ளைக்குடி நாகனார், கண்ணகி ஆகியோரின் முறையீடுகளை ஒப்பிட்டு, இன்றைய விண்ணப்பம் ஒன்றிற்கு அவை கற்பிக்கும் நெறிகளைப் பட்டியலிடுக.