மாடிக் குளியலறையில் காற்றுக்கு வழி

தாமல், காஞ்சிபுரம் வட்டாரத் தாய்மார்களே!

"மேல்மாடி வீடு, காத்து நல்லா வருது. குளிக்கிற ரூம்லே மட்டும் ஈரம் காயவே மாட்டேங்குது" என்று பலர் சொல்வதுண்டு. காரணம் என்ன?

வெந்நீர் ஆவி மேலே எழும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிக் குளிரிலும் மொட்டைமாடித் தளம் குளிர்ந்திருக்கும். ஆவி அதில் பட்டு நீராகி, அங்கே பூசணம் படரும். பட்டு நூலுக்கு ஈரம் ஆகாது என்பது நெசவாளர் வீட்டில் தெரிந்ததே. மூச்சுக்கும் ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும்.

செய்ய வேண்டியவை:

1. காற்று வெளியேற ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி, இரண்டும் வேண்டும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுத்துமே தவிர ஈரத்தை இழுக்காது.

2. ஃபேனை வெளிச்சுவரில், கூரையை ஒட்டிப் பொருத்துங்கள். குளித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும்.

3. தளம் ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

4. குளிருதே என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

5. கேஸ் கீசரோ கரி அடுப்போ குளியலறைக்குள் கூடவே கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் அவற்றிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். "ஃபேன்தான் இருக்குதே" என்று நம்ப வேண்டாம். கீசரை வெளியே மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டு வாருங்கள்.

குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, கேஸை மூடி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள்.

காற்றுக்கு வழி விடுவோம்! குடும்ப நலம் காப்போம்!