ராணுவ உபரி லாரியை ஊர் கொண்டு சேர்த்தல்

ஏலத்தில் கேட்ட தொகையே லாரியின் விலை என்று நம் அங்கத்தினர்களிற் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ராணுவக் கிடங்கிலிருந்து சங்கத்தின் வாயிலை வண்டி வந்தடையும்வரை ஆகும் செலவு முழுவதும் சேர்ந்ததே விலை. அந்தக் கணக்கை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைகளுக்கு வேண்டாத போர்டு, செவர்லே லாரிகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. ‘டிஸ்போசல் லாரி’ என்று வழங்கிய அவ்வண்டிகளில் மரப் பாடி கட்டிப் பலர் சரக்கேற்றினர். பின்னர், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிகளும் பணிக்காலம் முடிந்து ஏலத்திற்கு வந்தன. இன்று இத்தகைய ஏலங்களை மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் மின்னணு முறையில் நடத்துகிறது. ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்பதே நிபந்தனை. எடுத்தபின் குறை கூற இடமில்லை என்பது இதன் பொருள்.

நெய்வேலியைச் சுற்றி முந்திரியும் பலாவும் விளைவிப்போர் சங்கமொன்று ஜபல்பூரில் லாரி எடுப்பதாகக் கொள்வோம். நாகபுரி, ஹைதராபாத், சென்னை, விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக நெய்வேலி சுமார் 1,600 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓட்டினால் 240 கிலோமீட்டர். எனவே 7 நாட்கள் ஆகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 400 லிட்டர் டீசல் வேண்டும். இரண்டு ஓட்டுநர்களின் படி, சுங்கம், இன்ஷூரன்ஸ், டயர், பழுது ஆகியவற்றை இதனோடு கூட்டுக.

இனி வண்டியைச் சோதித்தல். நெடுநாள் நின்ற வண்டியில் முதலிற் கெடுவது ரப்பர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2316 என்றிருப்பின் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாதிருந்தாலும், முதிர்ந்து வெடிப்புற்ற டயர் ஓட்டத்தில் வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. ஆகவே பழையதை முற்றும் வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். டீசல் தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் துருவையும் அகற்றிப் பில்டரை மாற்றுக. ராணுவ லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் மின்னமைப்பு உடையவை. பாட்டரி வாங்கும்போது இதனை மறவற்க.

விற்பனையோடு ராணுவப் பதிவு முடிந்துவிடும். அம்பு குறியிட்ட எண்ணோடு சாலையில் ஓட்டலாகாது. விடுவிப்புக் கடிதம், தற்காலிகப் பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றும் கையில் இருந்தாலன்றிப் புறப்படுதல் கூடாது. அந்த வயதுடைய வண்டிக்கு நிரந்தரப் பதிவு கிடைக்குமா என்பதை ஏலம் கேட்பதற்கு முன்பே நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

புறப்பட்ட 10-ஆம் கிலோமீட்டரில் நிறுத்துக. சக்கரங்களின் நடுப்பகுதியருகே கையைக் கொண்டுசென்று பார்க்க. ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் பிரேக் விடவில்லை அல்லது பேரிங் பழுது என்று கொள்க. எண்ணெய்க் கசிவையும் கவனிக்க. உலர்ந்த தார்ச் சாலையில் முன்சக்கர இயக்கத்தை இணைத்து ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்குண்டு கெடும். அது சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. இறக்கத்தில் சிறிய கியரிலேயே இறங்குக. இரவுப் பயணம் வேண்டா.

பிரேக் ஐயத்திற்கிடமாயின், கூலி மிகுதியாயினும் வேறு லாரியின் மேலேற்றியே கொண்டுவர வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்து ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

ஆகவே நிர்வாகக் குழு, ஏலம் கேட்குமுன் மூன்றைத் தீர்மானமாக எழுதுக: கேட்கத்தக்க உச்சத் தொகை, கொண்டுவரும் செலவு, எந்தக் குறை கண்டால் விலகுவது என்பது. முதலிரண்டின் கூட்டுத் தொகைக்கு உள்ளூரிலேயே நல்ல பழைய லாரி கிடைக்குமாயின் அதையே வாங்குக. அங்கத்தினரின் பங்குப் பணம் ஒவ்வொரு முந்திரி மூட்டையிலிருந்தும் சேர்ந்தது. அதற்கு ஏலக் களத்தில் ஆவேசம் ஆகாது, கணக்கே காவல்.