உன் பெயரில் ஒரு தாள்

ரிங்லெட்,
கேமரன் மலை.

அன்புள்ள மருமகளுக்கு,

தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கப் போவதாக எழுதியிருக்கிறாய். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, அதனால் சொந்தத் தொழில் என்கிறாய். அந்த 'அதனால்'தான் எனக்கு உறுத்துகிறது. பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையின் வேலை மாறவில்லையே, அம்மா.

நான் கொழுந்தெடுத்த நாளில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலையேறுவோம். 1929இல் போ தோட்டம் திறந்த காலந்தொட்டு இந்தத் தேயிலை நம் பெண்களின் விரல்பட்டு வளர்ந்தது. இன்று லயங்களில் வங்காளதேச, நேப்பாளப் பையன்கள். உன் பக்கத்தில் ஆயாக் கொட்டகையும் இல்லை. அந்த ஆயாவின் வேலை சத்தமில்லாமல் உன் தலையில் விழுந்துவிட்டது.

கடைசிப் பிள்ளை பிறந்தபின் நானும் வடை போட்டு விற்றேன். குளிரில் நாலு மணிக்கு எழுந்து மாவரைப்பேன். ஒரு கை வாணலியில், ஒரு கை தொட்டிலில். வீட்டில்தானே இருக்கிறாள் என்று விருந்தாளிக்குச் சமைப்பதும் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் என் பொறுப்பாயின. லைசென்ஸ் உன் மாமா பெயரில். பேங்க் புத்தகமும் அவர் பெயரில். அவர் காலமானபோது பதினொரு வருட உழைப்புக்கு என் பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

நீ தாராளமாகத் தொடங்கு. உன் கைமுறுக்குக்குப் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஆள் காத்து நிற்கும். ஆனால் எதை விடுகிறாய் என்று கணக்குப் போட்டு விடு. முதலாளி உன் இபிஎஃப் சேமநிதியில் போடும் 13 சதவீதம் நின்றுபோகும். 2023 முதல் சம்பளத்தோடு கிடைக்கும் 98 நாள் பிரசவ விடுப்பும் உனக்கு இராது. அடுத்த பிள்ளை வந்தால் அடுப்போடு வருமானமும் அணைந்துவிடும். இபிஎஃப்புக்கு ஒரு பங்கை முறுக்கு விலையிலேயே சேர்த்து வை. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ பாதுகாப்புத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி, அதையும் கட்டிவிடு.

நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் உன் சொந்தப் பெயரிலேயே வியாபாரத்தைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப்பெயர் வைத்தால் 60. நம்மவர்களுக்காகத் தெக்குன் நிறுவனத்தில் உள்ள ஸ்பூமி தொழில் கடனைக் கேட்கவும் அந்தப் பதிவுத் தாள் வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இப்போதே பேசு. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் சந்தை நாளில் இரவுச் சமையலும் அவருடையவை. உதவி என்று கேட்காதே, பங்கு என்று கேள்.

பதியப் போகும் அன்று உன் மைகார்டை எடுத்துப்போ. அவருடையது வீட்டிலேயே இருக்கட்டும்.

உன் அத்தை