பதிலை அவளிடம் விட்டுவிடு

அன்புள்ள மருமகனுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். "எவ்வளவு நாளா தெரப்பிக்குப் போறோம், பாப்பா இன்னும் பேசவே இல்லையே அத்தை" என்று கீழே எழுதியிருந்தாய். ருவைஸிலிருந்து அபுதாபிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அப்பாவின் ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து அவ்வளவு தூரம் போய்வரும்போது அலுப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த வீடியோவை இன்னொரு தடவை பார். உன் தங்கை பாப்பா ஜூஸ் டப்பாவை உன் கையில் கொடுக்கிறாள். டப்பாவைப் பார்க்கிறாள், உன் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடியும் டப்பாவைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள், இல்லாவிட்டால் அழுவாள். தனக்கு வேண்டியதை இன்னொருவர் கவனத்துக்குக் கொண்டுவருவதுதான் பேச்சுக்கு அடிப்படை. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதையொட்டி விரலை நீட்டிக் காட்டத் தொடங்குவார்கள். பாப்பாவைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது பிந்தி வரலாம். தெரபிஸ்ட் வார்த்தைகளை எண்ணுவதற்கு முன்பே இந்தப் பார்வையைக் குறித்துக்கொள்வது அதனால்தான்.

நீ என்ன செய்தாய்? அவள் பார்த்த அந்த நொடியே ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்துவிட்டாய். பாசமான அண்ணன்கள் எல்லாரும் செய்வதுதான்! அடுத்த முறை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணு. முகத்தில் சிரிப்பு இருக்கட்டும், வாய் மட்டும் திறக்காதே. அவள் "தா" என்றாலும் சரி, "ம்" என்றாலும் சரி, விரலால் தட்டினாலும் சரி, உடனே கொடுத்துவிடு. அழ விட்டுச் சொல்ல வைக்காதே. யாராவது அவளிடம் பேர் கேட்டால் நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே.

"தண்ணி" என்பதை அவள் "தன்னி" என்று சொன்னால் திருத்த வேண்டாம். "தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி குடி" என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிச் சொல். சரியான ஒலி அவள் காதில் விழுந்தால் போதும். கைதட்டுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள். அந்தச் சத்தத்தில் மிரண்டு, மறுபடி சொல்லாமலே போகிற பிள்ளைகள் உண்டு.

பாப்பா குழம்பிப்போவாள், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று உன் அம்மாவிடம் யாரோ சொன்னார்களாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவுக்குக் கொஞ்சவும் திட்டவும் வருவது தமிழில்தானே? அதிலேயே பேசட்டும்.

தெரப்பி அறையில் கிடைப்பது சில மணி நேரம்தான், மிச்சமெல்லாம் வீட்டில். அதனால்தான் காது கேளாத குழந்தைகளுக்காக 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயாவில் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பெற்றோரைப் பழக்குகிறார்கள். ருவைஸ் குடியிருப்பில் அந்த வேலையில் பாதி உன்னுடையது.

ஒரு நோட்டுப் போடு. "இன்று பேசினாள்" என்று மட்டும் எழுதினால் தெரபிஸ்டுக்கு உதவாது. என்ன சொன்னாள், எங்கே, யாரிடம், யாரும் எடுத்துக்கொடுக்காமல் தானாகவா என்று எழுது. அம்மாவிடம் மட்டும் சொன்ன சொல்லைப் பார்க்கில் வேறொரு பிள்ளையிடம் சொன்னால் அதைத் தனியாகக் குறி. அடுத்த தடவை அபுதாபி போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
அத்தை