சீல்மேல் போட்ட பழி

1992 ஜூலை 2. கனடாவின் மீன்வளத்துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி, நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு காட் மீன்பிடிப்புக்குத் தடை அறிவித்தார். சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். 'எல்லாம் சீல் தின்ற தீனி' என்று அந்தக் கடல்விலங்கைப் பழிக்கும் பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை.

நம்பிக்கை: சீல்கள் பெருகித்தான் காட் அழிந்தது.

உண்மை: கணக்கு உதைக்கிறது. 1968இல் பிடிபட்ட வடக்கு காட் எட்டு லட்சம் டன். பெரும்பகுதியை அள்ளியவை அயல்நாட்டு இழுவைக் கப்பல்கள். பத்தே ஆண்டில் பிடிப்பு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. அந்த 1970களில், முதுகில் யாழ் வடிவத் திட்டு கொண்ட ஹார்ப் சீல்களும் வேட்டையால் 20 லட்சத்துக்குக் கீழே சுருங்கியிருந்தன. 1977இல் 200 கடல்மைல் எல்லை வகுத்து அயலாரை விலக்கிய கனடா, கடலில் இருந்த மீனை அதிகமாக மதிப்பிட்டுத் தன் கப்பல்களுக்கே வாரி வழங்கியது.

நம்பிக்கை: பின்னாளில் சீல்கள் 70 லட்சத்தைத் தாண்டினவே, அதனால்தான் காட் தலைதூக்கவில்லை.

உண்மை: ஹார்ப் சீலின் தீனியில் கேப்லின் போன்ற சிறுமீன்களுக்கே பெரிய பங்கு. காட் மீனுக்கும் கேப்லின்தான் சோறு. 1990களின் தொடக்கத்தில் கேப்லின் சரிந்து, பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வடக்கு காட் மீனின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தவர்கள் மீன்பிடிப்பையும் கேப்லினையுமே காரணமாகக் கண்டார்கள். சீல் பெரிய காரணமாகத் தெரியவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் சீல் மீனவருக்குக் கெடுதலே செய்யாது.

உண்மை: இதுவும் தவறு. தெற்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் இருப்பது வேறு சீல், வேறு கதை. 1960களில் சில ஆயிரங்களே இருந்த சாம்பல் சீல்கள் இன்று கனடாக் கடலில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். குளிர்காலத்தில் கூட்டம்கூடும் பெரிய காட் மீன்களை அவை வேட்டையாடுகின்றன. வலையே போடாவிட்டாலும் அங்கே காட் மீள்வது கடினம் என்கிறார்கள் அரசின் மீன்வள அறிஞர்கள். சீலின் வயிற்றில் முதிரும் ஒருவகைப் புழு காட் மீனின் சதையிலும் குடியேறுகிறது. மீன் ஆலைகளில் துண்டுகளை விளக்கு மேசையில் வைத்துப் புழுவை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், கூலி கூடுகிறது.

வடக்கு காட் மீதான தடை 32 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் நீங்கியது. அந்த ஆண்டு அனுமதித்த அளவு 18,000 டன். அந்தக் கடலில் இன்றும் ஹார்ப் சீல்கள் லட்சக்கணக்கில் நீந்துகின்றன.