மணநாளுக்கு முன்னே

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டும் பெருஞ்செலவையும் பேருழைப்பையும் வேண்டுபவை. மலேசியத் தமிழர்களின் இல்லங்களில் திருமணம் என்றாலே உற்றார் உறவினர் ஒன்றுகூடும் பெருவிழாதான். ஆயினும், விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்காக வாங்கிய கடனோ பல ஆண்டுகள் தொடரக்கூடும். எனவே, மண்டபத்தைத் தேடுவதற்கு முன்பே மணமக்கள் இருவரும் அமர்ந்து பேச வேண்டும்.

முதலில் பேச வேண்டியது பணத்தைப் பற்றி. மாத வருமானம், சேமிப்பு, உயர்கல்விக் கடன், வாகனத் தவணை ஆகியவற்றை இருவரும் மறைக்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டும். இப்படிப் பேசத் தயங்குவது இயல்பே. ஆனால், மணத்திற்குப் பிறகு தெரியவரும் கடன், கையிருப்பை மட்டுமன்றி நம்பிக்கையையும் கரைத்துவிடும்.

அடுத்து, விருந்தினர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். மண்டபத்தின் அளவு, உணவு, அழைப்பிதழ், தாம்பூலப் பை ஆகிய அனைத்தும் விருந்தினரின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைகின்றன. எடுத்துக்காட்டாக, ஒருவரின் உணவுக்கு 40 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். 700 பேரை அழைத்தால் உணவுக்கு மட்டும் 28,000 ரிங்கிட் ஆகும். 400 பேர் என்றால் 16,000 ரிங்கிட் போதும். மாதம் 1,000 ரிங்கிட் சேமிக்கும் இணையருக்கு இந்த வேறுபாடு ஓராண்டுச் சேமிப்பாகும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழியின் பொருள் இங்கே தெளிவாகிறது.

ஆனால், பட்டியலைக் குறைப்பது எளிதன்று. “அவர்கள் வீட்டுத் திருமணத்திற்கு நாம் போய் மொய் வைத்தோமே, எப்படி அழைக்காமல் இருப்பது?” என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த உறவு அறுந்துவிடுமோ என்பதே அவர்களின் அச்சம். ஆகவே, மணமகன் தன் பெற்றோரிடமும் மணமகள் தன் பெற்றோரிடமும் கணக்கைக் காட்டிப் பொறுமையாகப் பேசுவது நல்லது. விருந்துக்கு அழைக்க இயலாத பெரியவர்களின் இல்லத்திற்கு மணமக்கள் பின்னர் நேரில் சென்று ஆசி பெறலாம். பெருங்கூட்டத்தில் கைகூப்பிவிட்டுச் செல்வதைவிட, அச்சந்திப்பு அவர்களுக்கு அதிக மகிழ்ச்சியைத் தரவும்கூடும். மேலும், மொய்ப் பணத்தை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

நாள் குறிப்பதிலும் முன்யோசனை தேவை. ஆடி, மார்கழி மாதங்களில் பலர் திருமணம் செய்வதில்லை. அதனால், மற்ற மாதங்களின் முகூர்த்த நாள்களில் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் போட்டி மிகுதி. இரண்டு மூன்று நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு விசாரித்தால் தேர்வு செய்ய வாய்ப்பிருக்கும். முன்பணம் செலுத்தும்போது, எவையெல்லாம் கட்டணத்தில் அடங்கும் என்பதை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தையும்விட இன்றியமையாதது திருமணப் பதிவு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாகும். பதிவுக்கு முன்னர் விண்ணப்பித்து 21 நாள் காத்திருக்க வேண்டும். சாட்சிகள் இருவர் தேவை. 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் வேண்டும். தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் மட்டுமன்றி, உதவிப் பதிவாளர் உள்ள கோயில்களிலும் பதிவு செய்யலாம்.

“தாலி கட்டியாயிற்று, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவோர் உண்டு. அதன் விளைவைப் பெரும்பாலும் பிள்ளைகளே சுமக்கின்றனர். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது பெற்றோரின் திருமணச் சான்றிதழ் தேவைப்படுகிறது. தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணமும் பதியப்படாவிட்டால், குழந்தையின் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும். கணவர் இறந்துவிட்டால், மனைவி தன் உரிமையை மெய்ப்பிக்கவும் அச்சான்றிதழ் வேண்டும்.

மேடையில் சூட்டிய மலர்மாலை மறுநாளே வாடிவிடும். கையில் மிஞ்சிய சேமிப்போ புது வீட்டின் வாடகைக்கும் முதல் மாத மளிகைப் பொருளுக்கும் உதவும். திருமணத்திற்காகச் சேர்ந்து திட்டமிட்ட பழக்கம், அதன் பிறகும் அவ்விருவருக்கும் துணை நிற்கும்.